படம் பார்த்துப் பேசும் குழு தொடங்குகிறீர்களா? காட்சி, பிரதி, அனுமதி, நேரம்: ஒரு வழிகாட்டி

பிடித்த நடிப்பைப் பற்றியும் அதற்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் பற்றியும் நாலு பேர் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற ஆசையில்தான் எங்கள் குழுவைத் தொடங்கினோம். முதல் ஐந்து கூட்டங்களும் தேறவில்லை. ஒரு கூட்டம் மூன்று மணி நேரப் படத்திலேயே முடிந்துபோனது, பேச நேரமே இல்லை. இன்னொன்றில் யார் பெரிய நடிகர் என்ற சண்டை. மூன்றாவதற்கு வாடகைக்கு எடுத்த அரங்கில், திரையிட அனுமதிக் கடிதம் எங்கே என்று அன்று காலையில் கேட்டார்கள். எங்களிடம் இல்லை. முன்பணமும் போனது, வந்தவர்களும் வாசலோடு திரும்பினார்கள்.

ஆறாவது கூட்டத்தில் ஒருவர், "இன்னைக்குப் படம் வேண்டாம், ஒரே ஒரு காட்சியை மட்டும் பார்ப்போம்" என்றார். அன்று இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் நடத்துகிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நாங்கள் இழந்த அந்த ஐந்து மாதங்களை இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. ஆட்கள்: ஆறு பேருக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல்

நாலு பேர் என்றால் இரண்டு பேர் வராத மாதத்தில் கூட்டமே இல்லை. பதினைந்து பேர் என்றால் அதில் ஐந்து பேர் கடைசிவரை வாய் திறப்பதில்லை. ஆறிலிருந்து பத்து வரை நல்ல எண்ணிக்கை.

எல்லோரும் தீவிர ரசிகர்களாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் குழுவில் மிகக் கூர்மையாகக் கவனிப்பவர் வருடத்துக்கு நாலைந்து படம் மட்டுமே பார்ப்பவர். அந்த நடிகரின் மற்ற படங்கள் அவருக்குத் தெரியாது, பேட்டிகள் தெரியாது. அதனால் கண்முன் நடப்பதை மட்டும் சொல்கிறார். அப்படி ஒருவரையாவது அழைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் கூட்டத்தை நடத்த வேண்டும், இன்னொருவர் குறிப்பெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் இரண்டும் பாதியாகத்தான் நடக்கும். மாதாமாதம் ஆளை மாற்றுங்கள்.

2. படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் காட்சியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாம் இதில்தான் இருக்கிறது. "அடுத்த மாதம் எந்தப் படம்?" என்று கேட்காதீர்கள், "எந்தக் காட்சி?" என்று கேளுங்கள். மூன்று நிமிடத்திலிருந்து ஏழு நிமிடம் வரை ஓடும் காட்சியாக இருக்கட்டும். அதைவிடச் சின்னது என்றால் பேச்சு சீக்கிரம் வறண்டுவிடும். பத்து நிமிடம் தாண்டினால் ஒவ்வொருவர் மனதில் ஒவ்வொரு பகுதி நிற்கும், எல்லோரும் வேறு வேறு காட்சியைப் பற்றிப் பேசுவார்கள்.

ஐந்து நிமிடம் போதுமா என்று சந்தேகமாக இருந்தால், 1976இல் வந்த 'நெட்வொர்க்' படத்தில் பியாட்ரிஸ் ஸ்ட்ரெய்ட் வரும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தமே ஐந்து நிமிடத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த கணவர், வேறொரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டதாக மனைவியிடம் சொல்லும் காட்சி அது. திரைக்கதையாசிரியர் பேடி சயேஃப்ஸ்கி எழுதியது. மனைவி முதலில் கேள்வி கேட்கிறார். பிறகு கோபம் வெடிக்கிறது. அந்தக் கோபம் உடைந்து, உள்ளே இருக்கும் வலி வெளியே வருகிறது. கடைசியில், இந்தப் புதிய உறவில் நீங்கள்தான் துன்பப்படப் போகிறீர்கள் என்று கணவரை நினைத்தே கவலைப்படும் இடத்துக்கு வந்து நிற்கிறார். ஒரு முழுப் படத்துக்கு வேண்டிய பயணம் ஒரே வீட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

இதை நாங்கள் பார்த்த அன்று முதலில் எல்லோரும் அந்தக் கோபத்தைப் பற்றித்தான் பேசினோம். மூன்றாவது முறை ஓட்டியபோது, கத்துவதை நிறுத்திவிட்டு அவர் குரல் இறங்கும் இடத்தைக் கவனித்தோம். அங்கே உடலும் தளர்கிறது. அந்த மாற்றம் திரைக்கதைப் பிரதியில் வசனத்தின் தொனி மாறுவதாக மட்டும் இருக்கிறது. எந்தச் சொல்லில் தளர வேண்டும், மூச்சை எங்கே விட வேண்டும் என்பது நடிகையுடையது. எழுத்து எங்கே முடிகிறது, நடிப்பு எங்கே தொடங்குகிறது என்று அன்றுதான் எங்களுக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

காட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

அந்தக் காட்சியில் யாராவது ஒருவர் இன்னொருவரிடம் எதையாவது எதிர்பார்க்க வேண்டும். மன்னிப்போ, பணமோ, ஒப்புதலோ, எதுவானாலும் சரி. எதிர்பார்ப்பு இல்லாத காட்சியில் அழகான ஷாட் இருக்கலாம், பேசுவதற்கு நடிப்பு இருக்காது.

குறைந்தது இரண்டு நடிகர்கள் இருக்கட்டும். கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் பெரும்பாலும் பேசுகிறவரின் முகத்தைவிட அதிகம் சொல்லும்.

பின்னணி இசை குறைவாக உள்ள காட்சியாக இருந்தால் நல்லது. இசை அதிகமானால் உங்களை அழவைத்தது இசையா, நடிகரா என்று பிரிப்பது கஷ்டம்.

நகைச்சுவைக் காட்சிகளை ஒதுக்கிவிடாதீர்கள். அழுகைதான் நடிப்பு என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது. சிரிப்புக் காட்சியில் அரை விநாடி தள்ளிப் பேசினால் மொத்தமும் விழுந்துவிடும் என்று இரண்டு முறை ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது.

3. திரைக்கதைப் பிரதியைத் தேடுங்கள், ஆனால் எது கையில் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள்

எழுத்தைப் பற்றிப் பேச எழுத்து கையில் இருக்க வேண்டும். இணையத்தில் "ஸ்கிரிப்ட்" என்ற பெயரில் கிடைப்பது மூன்று வகை.

முதலாவது, படம் வெளிவந்த பிறகு யாரோ பார்த்துத் தட்டச்சு செய்த வசனத் தொகுப்பு. இதில் யார் என்ன பேசினார் என்பது மட்டும் இருக்கும். இதை வைத்துக்கொண்டு "எழுத்தாளர் இங்கே எதுவும் எழுதவில்லை, நடிகரே செய்துவிட்டார்" என்று பேசினால் மொத்த உரையாடலும் தப்பாகிவிடும். எங்களுக்கு ஒரு முறை அப்படி ஆனது. நடிகர் சொந்தமாகச் செய்ததாக நாங்கள் கொண்டாடிய ஒரு கையசைவு, பிறகு உண்மையான பிரதி கிடைத்தபோது அதில் வரி வரியாக எழுதப்பட்டிருந்தது.

இரண்டாவது, படப்பிடிப்புக்கு முந்தைய ஒரு வடிவம். முதல் பக்கத்தில் பெரும்பாலும் தேதி இருக்கும். இதற்கும் படத்துக்கும் நிறைய வேறுபாடு இருக்கும். பேசுவதற்கு எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான். எதை வெட்டினார்கள், எந்த வசனத்தை ஒரு பார்வையாக மாற்றினார்கள் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஷூட்டிங் ஸ்கிரிப்ட். காட்சி எண்கள் போட்டிருக்கும். ஹாலிவுட் வழக்கத்தில், திருத்திய பக்கங்களை முதலில் நீலம், அடுத்து இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள் என்று நிறம் மாற்றிக் கொடுப்பார்கள். அந்தப் பக்கங்களின் தலைப்பில் நிறத்தின் பெயரும் தேதியும் இருந்தால் நீங்கள் பார்ப்பது படப்பிடிப்புக் காலத்துப் பிரதி என்று தெரிந்துகொள்ளலாம்.

12 புள்ளி கூரியர் எழுத்துருவில் வழக்கமான முறையில் எழுதிய ஒரு பக்கம், திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. இதை அளவுகோலாகப் பயன்படுத்துங்கள். பிரதியில் அரைப் பக்கமே உள்ள காட்சி திரையில் மூன்று நிமிடம் ஓடுகிறது என்றால், மீதி நேரத்தை நடிகரும் இயக்குநரும் எடிட்டரும் என்ன செய்து நிரப்பினார்கள் என்பதே அன்றைய கூட்டத்துக்குப் போதுமான கேள்வி.

விற்பனைக்கு வந்த புத்தகமாகவோ, தயாரிப்பு நிறுவனமே விருதுக் காலத்தில் வெளியிட்ட கோப்பாகவோ கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பிரதியையும் எல்லோருக்கும் அச்சடிக்க வேண்டாம். அந்தக் காட்சியின் நாலைந்து பக்கம் போதும், செலவும் மிச்சம். பிரதியே கிடைக்காத படம் என்றால், குழுவில் ஒருவர் அந்தக் காட்சியைப் பார்த்துத் தானே எழுதிக்கொண்டு வரட்டும். ஐந்து நிமிடக் காட்சிக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கும். எழுதி முடிக்கும்போது அவர் அந்தக் காட்சியை வேறு யாரையும்விட நன்றாக அறிந்திருப்பார்.

4. டைட்டில் கார்டை நிறுத்திப் படியுங்கள்

யாரைப் பாராட்டுகிறோம் என்று தெரியாமல் பாராட்டுவது நமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது. தமிழ்ப் படத்தில் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என்று தனித்தனியாக வரும். 'நாயகன்' (1987) படத்தின் வசனங்களைப் புகழ்ந்து மணிரத்னத்தின் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. வசனம் எழுதியவர் பாலகுமாரன். திரைக்கதையின் கட்டமைப்பைப் பற்றிப் பேசும்போது ஒருவர், பேச்சின் சுவையைப் பற்றிப் பேசும்போது இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் படங்களிலும் தொடர்களிலும் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இரண்டு எழுத்தாளர்களின் பெயர்களுக்கு நடுவே '&' குறி இருந்தால் அவர்கள் இணைந்து ஒரு குழுவாக எழுதியவர்கள். அதே இடத்தில் 'அண்ட்' என்று சொல்லாக எழுதியிருந்தால் தனித்தனியே எழுதியவர்கள், பெரும்பாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தியிருப்பார். இது அங்குள்ள எழுத்தாளர் சங்கத்தின் விதி. ஒரு பாத்திரம் முதல் பாதியில் ஒரு மாதிரியும் பிற்பாதியில் வேறு மாதிரியும் பேசுவதாகத் தோன்றினால் இந்தக் குறியைப் போய்ப் பாருங்கள்.

5. திரையிடும் முன் அனுமதி

எங்களுக்குப் பணம் போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டில் நீங்களும் நண்பர்களும் பார்ப்பது ஒன்று, அரங்கிலோ நூலகத்திலோ பொதுவில் திரையிடுவது வேறு. டிவிடி வாங்கியிருப்பதும் ஓடிடி சந்தா கட்டியிருப்பதும் பொதுத் திரையிடலுக்கு அனுமதி ஆகாது. ஓடிடி சந்தாக்கள் பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்கு என்றுதான் விதிமுறையிலேயே எழுதியிருக்கும். கட்டணம் வாங்காவிட்டால் பரவாயில்லை என்று நாங்களும் நினைத்தோம். இலவசம் என்பதால் மட்டும் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. விதிவிலக்குகள் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக எளிய வழி: எல்லோரும் அவரவர் வீட்டில் படத்தைப் பார்த்துவிட்டு வருவது, கூடுமிடத்தில் பேசுவது மட்டும். நாங்கள் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறோம். காட்சியைச் சேர்ந்து பார்க்க வேண்டிய நாளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம்.

பொதுவில் திரையிட்டே ஆக வேண்டும் என்றால், படத்தின் தயாரிப்பாளரிடமோ விநியோக உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் இவை இருக்கட்டும்: படத்தின் பெயரும் வெளியான ஆண்டும், தேதி, நேரம், இடம், எத்தனை பேர், நுழைவுக் கட்டணம் உண்டா இல்லையா, முழுப் படமா பகுதியா, எந்த வடிவில் ஓட்டப் போகிறீர்கள். கடைசி இரண்டையும் நாங்கள் முதல் கடிதத்தில் எழுதவில்லை. அதைக் கேட்டு ஒரு பதில் வந்து, நாங்கள் மறுபடி எழுதி, அதிலேயே நாட்கள் ஓடிவிட்டன. குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே அனுப்புங்கள். தொலைபேசியில் "சரி, போட்டுக்கோங்க" என்று சொன்னாலும் ஒரு மின்னஞ்சலாவது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எழுத்து கைக்கு வரும்வரை அரங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

செலவு எங்கெல்லாம் வரும் என்றால்: திரையிடும் உரிமைக் கட்டணம், இடத்தின் வாடகை, ஒலிபெருக்கியும் திரையும், பிரதி அச்சடிப்பது. இவற்றில் முதல் இரண்டும்தான் பெரியவை. வீட்டில் கூடினால் இரண்டும் இல்லை. முதல் மூன்று மாதம் யாரிடமும் பணம் வாங்காமல் நடத்திப் பாருங்கள். பணம் வாங்கிவிட்டால் வருகிறவர்கள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள், பேச வேண்டும் என்ற எண்ணமே குறைந்துவிடுகிறது.

6. குரல் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நடிப்பைப் பற்றிப் பேசும்போது பாதி குரலைப் பற்றித்தான் பேசுவோம். அந்தக் குரல் திரையில் தெரிபவருடையதா? தமிழ்ப் படங்களில் படப்பிடிப்புக்குப் பிறகு டப்பிங் செய்வது நெடுநாள் வழக்கம். பல நேரம் வேறொருவர் குரல் கொடுப்பார். '96' (2018) படத்தில் ஜானுவாக நடித்தவர் த்ரிஷா, குரல் சின்மயியுடையது. அந்தப் பாத்திரத்தில் நம்மை உருக வைக்கும் தயக்கமும் சிரிப்பும் இரண்டு பேர் சேர்ந்து செய்தது. ஒருவரின் பெயரை மட்டும் சொன்னால் பாதி வேலையை மறந்துவிடுகிறோம். டைட்டிலில் டப்பிங் கலைஞர்களின் பெயர்களைத் தேடிப் படித்து, கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வேற்றுமொழிப் படம் என்றால் மூல மொழி ஒலியில், சப்டைட்டிலோடு பாருங்கள். மொழிமாற்றுக் குரலில் பார்த்துவிட்டு அந்த நடிகரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எல்லோரும் ஒரே வடிவத்தைத்தான் பார்த்தார்களா என்பதையும் சரிபாருங்கள். ஒரு முறை எங்களில் பாதிப் பேர் திரையரங்கில் வந்த வடிவத்தையும், மீதிப் பேர் இயக்குநர் பின்னர் நீட்டி வெளியிட்ட வடிவத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அரை மணி நேரம் கழித்துத்தான் வேறு வேறு காட்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது.

7. கூட்டத்தின் இரண்டு மணி நேரம்

நாங்கள் பல மாதங்கள் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் இந்த வரிசையில் நின்றோம்.

முதல் 15 நிமிடம்: பிரதியைச் சத்தமாகப் படிப்பது. இரண்டு பேர் படிக்கட்டும், யாரும் நடிக்க வேண்டாம். செய்தி வாசிப்பதுபோல வெறுமனே படித்தால் போதும். எழுத்து மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்று அப்போது காதில் கேட்கும்.

அடுத்து முதல் முறை பார்ப்பது, ஒலியோடு. முடிந்ததும் யாரும் பேசக் கூடாது, இரண்டு நிமிடம் அவரவர் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்றவர்களும் பார்த்ததாக நினைத்துக்கொள்வது இங்கேதான் நிற்கும்.

இரண்டாவது முறை, ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு. கை எங்கே போகிறது, யார் முதலில் பார்வையை விலக்குகிறார், யார் யாரை நோக்கி நகர்கிறார் என்பதெல்லாம் இப்போதுதான் தெரியும்.

மூன்றாவது முறை, திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும். எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துகிறார் என்று கேளுங்கள்.

இதெல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு ஒரு மணி நேரம் பேச்சு. கடைசி 15 நிமிடம் அடுத்த மாதக் காட்சியைத் தேர்ந்தெடுக்க.

பேச்சைத் தொடங்க ஒரே கேள்வி போதும்: "பிரதியில் இல்லாத எதை நீங்கள் திரையில் பார்த்தீர்கள்?" இதற்கு "நல்லா பண்ணியிருந்தார்" என்று பதில் சொல்லவே முடியாது. ஏதாவது ஒரு அசைவை, ஒரு இடைவெளியை, ஒரு பார்வையைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு உதாரணம். மகேந்திரன் எழுதி இயக்கிய 'முள்ளும் மலரும்' (1978) படத்தின் முடிவு. தங்கையைத் தான் வெறுக்கும் இன்ஜினீயருக்கே கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கும் காளி, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். எழுத்தாளராக மகேந்திரன் இங்கே செய்திருப்பது பெரிய காரியம். சம்மதம் வந்துவிட்டது, கதை முடிந்துவிட்டது, ஆனால் ஆள் மாறவில்லை. மனம் திருந்திவிட்டதாக ஒரு வசனம் எழுதியிருந்தால் காளியே இல்லாமல் போயிருப்பான். இனி நடிப்புக்கு வாருங்கள். தங்கை தன்னிடம் ஓடி வந்துவிட்டாள் என்ற பெருமை ரஜினிகாந்தின் முகத்தில் நிறைந்திருக்கிறது. பிடிக்கவில்லை என்ற சொல்லும் அந்தப் பெருமையிலிருந்துதான் வருகிறது, அதில் சண்டைக்கான சூடு இல்லை. அதே சொற்களைக் கோபமாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்லிக் காட்டினார். காட்சி அப்படியே கசந்துபோனது. எழுத்துக்கும் நடிப்புக்கும் உள்ள உறவைப் பற்றி அன்று நாங்கள் பேசிய அளவுக்கு வேறு எந்த நாளிலும் பேசியதில்லை.

8. பேச்சு தடம் புரளும் இடங்கள்

"இயல்பான நடிப்பு", "ஓவர் ஆக்டிங்" இரண்டையும் விளக்கம் கேட்காமல் விடாதீர்கள். யாராவது சொன்னால் உடனே, "எந்த இடத்தில்? என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பெரிய குரலில், பெரிய உடல்மொழியில் எழுதப்பட்ட பாத்திரத்துக்கு அடக்கி வாசிப்பதுதான் பிழையாக இருக்கும்.

நடிகர் எடை குறைத்தார், மொட்டை போட்டார், மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார் என்ற செய்திகள் வந்தால் மரியாதையோடு கேட்டுக்கொண்டு காட்சிக்குத் திரும்புங்கள். உழைப்பு உண்மைதான், ஆனால் திரையில் எது தெரிகிறதோ அதைப் பற்றித்தான் நாம் பேச முடியும். வசூல், விருது, சொந்த வாழ்க்கை மூன்றையும் எங்கள் குழுவில் தவிர்க்கிறோம்.

எடிட்டிங் செய்ததை நடிகர் கணக்கில் எழுதிவிடுவது இன்னொரு பொறி. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு முறை சூப் கிண்ணத்தோடும், இன்னொரு முறை சவப்பெட்டியோடும் சேர்த்துக் காட்டியபோது பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் மற்றதில் துயரத்தையும் கண்டார்கள் என்பார்கள். அதனால் ஒரு க்ளோசப்பைப் பாராட்டும் முன் அதற்கு முந்தைய ஷாட்டையும் பிந்தைய ஷாட்டையும் பாருங்கள். கேமராவையும் கவனியுங்கள். ஏறக்குறைய முழுவதும் ஒரே அறைக்குள் நடக்கும் '12 ஆங்க்ரி மென்' (1957) படத்தில் இயக்குநர் சிட்னி லூமெட் கதை நகர நகரக் கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டே போனார், லென்ஸையும் மாற்றிக்கொண்டே போனார். அறை நெருக்குவதுபோல நமக்குத் தோன்றுவதில் நடிகர்களுக்கு உள்ள பங்கு அளவுக்கு அதற்கும் பங்கு உண்டு.

தெரியாத ஒருவரைத் தேடிப் பாராட்டுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் பத்து நிமிடமாவது அந்தக் காட்சியில் ஓரத்தில் நிற்பவருக்கு ஒதுக்குகிறோம். டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர் அந்த வீட்டில் நடக்கும் சண்டை தனக்குத் தெரியும் என்பதை ஒரு பார்வையில் காட்டிவிட்டுப் போவார். அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது.

9. தொடர்கள் என்றால் கொஞ்சம் வேறு

தொடரில் ஒரே நடிகர், ஆனால் எபிசோடுக்கு எபிசோட் எழுத்தாளரும் இயக்குநரும் மாறலாம். அதனால் குறிப்பில் தொடரின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. சீசன் எண், எபிசோட் எண், அந்த எபிசோடை எழுதியவர், இயக்கியவர் நாலும் வேண்டும்.

படத்தில் எழுத்து முடிந்த பிறகு நடிப்பு வருகிறது. தொடரில் நடிப்பைப் பார்த்துவிட்டு எழுத்தை மாற்றலாம். 'பிரேக்கிங் பேட்' தொடரில் ஜெஸ்ஸி பாத்திரம் முதல் சீசனிலேயே இறந்துவிடுவதாகத்தான் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் முதலில் நினைத்திருந்தார். ஜெஸ்ஸியாக நடித்த ஆரோன் பாலின் நடிப்பைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டார். 2008 முதல் 2013 வரை 62 எபிசோட்கள் வந்தன, ஜெஸ்ஸி கடைசிவரை இருக்கிறான். இதனால் தொடரைப் பற்றிப் பேசும்போது பைலட்டில், அதாவது முதல் எபிசோடில், ஒரு காட்சி, பிந்தைய சீசனில் அதே இருவர் வரும் ஒரு காட்சி என்று ஜோடியாக எடுங்கள். பாத்திரம் எவ்வளவு வளர்ந்தது என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

ஸ்பாய்லர் விஷயத்தில் கறாராக இருங்கள். எந்த எபிசோட் வரை பேசலாம் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். முழுத் தொடரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னால் பாதிப் பேர் வர மாட்டார்கள். இரண்டு எபிசோட் பார்த்தால் போதும் என்று சொல்லிப் பாருங்கள், எல்லோரும் வருவார்கள்.

10. குறிப்பேடும் முதல் மூன்று மாதமும்

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஒரு பக்கம். படத்தின் பெயர், ஆண்டு, எழுத்துக் கிரெடிட், டப்பிங் கலைஞர், எந்த வடிவம், காட்சி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும். வடிவத்துக்கு வடிவம் நேரம் மாறும் என்பதால் காட்சியின் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சேர்த்து எழுதுங்கள். கீழே, அன்று யாரோ கவனித்த மூன்று விஷயங்கள், சொன்னவர் பெயரோடு. ஓராண்டு கழித்து இந்தப் பக்கங்களைப் புரட்டும்போது யார் கண் எதைத் தேடுகிறது என்பது தெரியவரும். எங்களில் ஒருவர் எப்போதும் கைகளைப் பற்றியே பேசியிருக்கிறார், அது அவருக்கே தெரியாது.

முதல் மாதத்துக்கு எளிய காட்சி வேண்டும் என்றால் '12 ஆங்க்ரி மென்' படத்தையே எடுங்கள். 96 நிமிடம்தான், ஏறக்குறைய முழுவதும் ஒரே அறை. ரெஜினால்ட் ரோஸ் 1954இல் தொலைக்காட்சிக்காக எழுதியதைப் பிறகு தானே படமாக எழுதினார். வழக்கில் தீர்ப்புச் சொல்ல அமர்ந்த ஜூரர்களில் மூன்றாமவராக வரும் லீ ஜே. காப் மகனுடைய புகைப்படத்தைக் கிழிக்கும் கடைசிப் பகுதியைப் பேசுங்கள். அதுவரை அவர் வழக்கைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு வரியிலும் மகனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பது அந்த இடத்தில் தெரியும்போது குழுவில் ஒரு அமைதி வரும். அந்த அமைதியை உடனே கலைக்க வேண்டாம்.

இரண்டாவது மாதம் உங்கள் மொழியிலேயே ஒரு காட்சி, மூன்றாவது மாதம் ஒரு தொடர். தேதியை முந்தைய கூட்டம் கலையும் முன்பே குறித்துவிடுங்கள். "பிறகு வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம்" என்று கலைந்த இரண்டு மாதங்கள் எங்களுக்குக் கூட்டமே நடக்கவில்லை. படமோ எபிசோடோ எங்கே கிடைக்கும் என்ற தகவலை மூன்று வாரத்துக்கு முன்பும், பிரதியின் பக்கங்களை ஒரு வாரத்துக்கு முன்பும் அனுப்புங்கள். முந்தைய நாள் ஒரு நினைவூட்டல், அதில் காட்சியின் நேரத்தை மறுபடி ஒரு முறை எழுதுங்கள்.